நிலைக்கும் தண்ணீர்

இந்தக் கதையில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. உதயரூபன் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். முதல் தடவை சொன்னபோது அவன் தண்ணீருக்குள் இறங்கியது வைகாசி மாதம். இரண்டாம் தடவை அது ஆனியாகிவிட்டது. முதல் தடவை கரையில் நின்று சிரித்தவர்கள் நாலைந்து பேர். இரண்டாம் தடவை அரைவாசி ஊரே நின்றது. தன் கதையில் சனத்தைக் கூட்டிச் சொல்வது பெருமைக்காரர்களின் பழக்கம். உதயரூபன் கூட்டியதோ, தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் தொகை குறைந்துபோய்விடக் கூடாதே என்ற கவலையில். ஆகவே மாதத்துக்கும் ஆட்தொகைக்கும் நான் பொறுப்பில்லை. மற்றதெல்லாம் அவன் சொன்னபடிதான்.

அப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் வேலை. ஊர் செட்டிபாளையம். கிழமைக்கு ஒருநாள் லீவு. வாழைச்சேனைக்கு வந்து, மட்டக்களப்பு பஸ் பிடித்து, அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறி வீட்டு வாசலில் இறங்கும்போது லீவில் பாதி கழிந்திருக்கும். மிச்சப் பாதியை அவன் விருந்தாளியாகக் கழித்தான். மனைவி வதனி பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவருவாள். அந்தக் கோப்பை வீட்டில் வேறு நாட்களில் வெளியே வருவதில்லை. மகள் நிருஷா கதிரையில் கிடந்த தன் பள்ளிக்கூடக் கொப்பிகளை அள்ளிக்கொண்டு, "இருங்கப்பா" என்பாள். ஒருநாள் அவன் அவளுக்கு 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டான். வரவேற்பு மேசைப் பழக்கம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பதினொரு வருடமாக இப்படி.

இருந்தாற்போல் ஒருநாள் மனேஜர் அவனைக் கூப்பிட்டார். மனேஜர் நீர்கொழும்புக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஹோட்டல் நிர்வாகம் மட்டக்களப்பு வாவியில் படகுச் சுற்றுலா தொடங்கப்போகிறது என்றார். படகுத்துறை செட்டிபாளையத்தில். வெளிநாட்டாரை ஏற்றிக்கொண்டு போய்ப் பறவைகளையும் கண்டல் மரங்களையும் காட்டிக் கதை சொல்ல இங்கிலீஷ் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

"நீங்கதான் மேசையில இருந்து கொக்கையும் நாரையையும் பத்தி வகுப்பு எடுக்கிற ஆள். வீட்டில இருந்தே வேலைக்குப் போகலாம். விருப்பமா?"

உதயரூபன் அதைத் தனக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தான். வீட்டில் இருந்தே.

"ஒரே ஒரு விசயம்" என்றார் மனேஜர். "இன்சூரன்ஸ்காரர் கேக்கிறார். படகில போற ஆள் மிதவைச் சட்டை இல்லாம ஐம்பது மீற்றர் நீந்திக் காட்ட வேணும். புரட்டாதியில சோதிக்க வருவார்."

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கிடக்கிற நாடாப் போன்ற ஊரில் பிறந்தவன் உதயரூபன். எழுத்தில்தான் அது வாவி. ஊரில் அதற்குப் பெயர் ஆறு. ஊர்ச் சனம் நடக்கப் பழகிய கையோடு ஆற்றில் நீந்தப் பழகிவிடும். ஊர் நாய்கள்கூட நீந்தும். உதயரூபன் மட்டும் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் "நிலைக்குமா?" என்று கேட்பான். கால் தரையில் நின்று, தலை வெளியே நின்றால் அந்தத் தண்ணீர் நிலைக்கும். இல்லாவிட்டால் நிலைக்காது. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் இந்த இரண்டு வகைத் தண்ணீர்தான் இருந்தது. ஒன்றில் முகம் கழுவலாம். மற்றதைப் பற்றிப் புத்தகத்தில் வாசிக்கலாம்.

"பழகிறன் சேர்" என்றான். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

அதே மாதம் ஹோட்டல்காரர்கள் கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வந்தவர் கழுத்தில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நடந்து நடந்து பேசினார். 'என்னால் முடியாது' என்று ஒருவரும் சொல்லக் கூடாதாம். 'என்னால் இன்னும் முடியவில்லை' என்று சொல்லவேண்டுமாம். அந்த 'இன்னும்' என்ற ஒரு சொல் மனிதனை வளர்க்குமாம். சமையல்கட்டுக் களஞ்சியத்தில் வேலைசெய்யும் றம்ஸீன் பின்வரிசையில் இருந்து கொட்டாவி விட்டான். உதயரூபனுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. 'எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது' என்று சொல்லிப் பார்த்தான். எவ்வளவு சொகுசான சொல். இதை வைத்துக்கொண்டு ஒருவன் அறுபது வயதுவரை கரையில் உட்கார்ந்திருக்கலாம். ஏற்கெனவே நீச்சலைப் பற்றி இரண்டு புத்தகம் தேடிப் பிடித்து, கோடு போட்டு வாசிக்கத் தொடங்கியிருந்தான். மிதப்பு விசை எப்படி வேலைசெய்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பான். ஒருவரும் கேட்கவில்லை.

ஓட்டமாவடிக்காரன் றம்ஸீன்தான் அவனுடைய அறைத் தோழன். அவன் புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், ஒங்கட புத்தகம் ரெண்டும் நல்லா நீந்திரும். ஒங்களத்தான் என்ன செய்யிறண்டு தெரியல்ல."

"வாசிச்சு விளங்கிற்று இறங்கினா லேசு."

"மீனெல்லாம் என்னத்த வாசிச்ச? வாங்க, மேனுகாட்டச் சொல்லித் தாறன்."

மேனுகா அந்த ஹோட்டலின் கடற்கரைக் காவலாள். உயிர்காப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருப்பவள். இருபத்தைந்து வயது. ஊர் களுதாவளை, செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கடலில் கயிற்றுக்கு அப்பால் போகும் வெள்ளைக்காரரை விசில் ஊதியே திருப்பிவிடுவாள். சொன்னது கேட்காத ஆளுக்கு அவளிடம் மரியாதை இல்லை. ஆனால் உதயரூபனிடம் மட்டும் அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள். ஹோட்டலில் எல்லாருமே அப்படித்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பொய்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விருந்தாளிப் பெண்ணொருத்தி மேசையில் சாய்ந்துகொண்டு, கடற்கரையில் பிறந்த ஆளுக்கு ஏன் நீந்தத் தெரியாது என்று கேட்டாள். உதயரூபன் பேசாமல் இருந்தான். அவனுக்கு எதற்கும் உடனே பதில் வராது. கேள்வியை உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி, அதோடு தனியே இருந்துவிட்டுத்தான் வெளியே வருவான். அன்றும் சிரிப்பாக ஏதாவது சொல்ல இங்கிலீஷில் சொல் தேடிக்கொண்டு இருந்தான். பக்கத்தில் நின்ற றம்ஸீன் அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு சொல் சொன்னான்.

"சுனாமி."

அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்தாள். கண் கலங்கினாள். அந்தநேரம் 'இல்லை' என்று சொல்வது அவளை அவமானப்படுத்துவதுபோல் இருந்தது. அடுத்த நாள் சொல்வது றம்ஸீனை அவமானப்படுத்துவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு சொல்வது தன்னையே அவமானப்படுத்துவதாகிவிட்டது. உதயரூபன் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மௌனம்தான் சொன்னது. சுனாமி நினைவு நாளான ஒவ்வொரு மார்கழி இருபத்தாறும் அவனுக்குக் கேட்காமலே லீவு கிடைத்தது. அவன் வீட்டில் இருந்து புத்தகம் வாசித்தான்.

பாசிக்குடாக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் இறங்கி நடக்கலாம், நடந்துகொண்டே இருக்கலாம். தண்ணீர் இடுப்புக்கு மேலே வர விருப்பமில்லாததுபோல் கிடக்கும். விருந்தாளிகள் எழும்ப முன்னம் மேனுகா அவனை அதற்குள் இறக்கினாள்.

"பயப்பிடாதீங்க அண்ணன். இஞ்ச எவ்வளவு தூரம் போனாலும் நிலைக்கும்."

அதைவிட இனிய வாக்கியத்தை அவன் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

முதலில் மிதக்கப் பழகினான். பிறகு காலடிக்க. பிறகு கைபோட. மேனுகா அவன் வயிற்றுக்குக் கீழே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல் கொண்டுபோனாள். இரண்டு மாதம் போனது. கயிறு கட்டிய ஒரு மிதவையிலிருந்து அடுத்த மிதவைவரை அவன் போய்ச் சேர்ந்தான். அது ஐம்பது மீற்றருக்கும் அதிகம். றம்ஸீன் கரையிலிருந்து கைதட்டினான். அதைத் தன் போனில் வீடியோப் படமெடுத்து, உதயரூபன் சொல்லச் சொல்ல வீட்டுக்கும் அனுப்பினான்.

பின்னேரம் உதயரூபன் வீட்டுக்குப் போன் எடுத்தான். புகழைக் கேட்பதற்கு வசதியாக ஒரு தென்னையில் சாய்ந்துகொண்டான்.

"பாத்தம் அப்பா" என்றாள் நிருஷா. "நல்லா இருக்கு."

"அம்மாவும் பாத்தவவா?"

"ஓம். ரெண்டு தரம் பாத்தவ." கொஞ்சம் இழுத்தாள். "ஒண்டு கேக்கட்டா? ஏன் நடுவில நடுவில எழும்பிறீங்க?"

"அது மூச்சு எடுக்கிறது, மகள்."

"மூச்சு எடுக்கத் தலைதானே வெளியில வரணும். உங்கட இடுப்பெல்லோ வருது."

பின்னால் வதனி சிரிப்பை அடக்குவது கேட்டது.

"கால ஊண்டுறீங்க அப்பா. ஒத்தைக் கால்ல நொண்டிக்கொண்டு போறீங்க."

உதயரூபன் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கைகள் இரண்டும் அழகாகச் சுழன்றன. தலை அளவாகத் திரும்பியது. புத்தகத்தில் உள்ள படம் மாதிரியே இருந்தது. ஆனால் கொஞ்சத்துக்கு ஒரு தடவை உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கி முன்னால் போயிற்று. வலது காலின் பெருவிரல் இரகசியமாக மணலை உதைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு மாதமாக அவன் நீந்தவில்லை. கடலைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறான்.

அடுத்த நாள் மேனுகாவிடம் கேட்டான்.

"தெரியும் அண்ணன்" என்றாள்.

"ஏன் பறையல்ல?"

அவள் கடலைப் பார்த்தாள். "உங்களுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு கிடக்கும். தண்ணிக்க இறங்கினதே பெரிய காரியமெண்டு நினைச்சன். மெல்ல மெல்லக் கொண்டுவருவம் எண்டு இருந்தன். இனி நாளில்ல. ஞாயிற்றுக்கிழம ஊருக்கு வாங்க. உங்கட ஆத்துக்கயே இறங்கிப் பாப்பம்."

சொல்லவேண்டிய இடம் அதுதான். உதயரூபன் கேள்வியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினான். அவன் வெளியே வந்தபோது மேனுகா விசிலோடு கடற்கரையின் மறுகோடிக்குப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஆற்றங்கரையில் இராசதுரை தன் தோணியோடு நின்றான். அவனும் உதயரூபனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இராசதுரை வகுப்பைவிட்டு ஆற்றுக்குப் போனான். உதயரூபன் வகுப்பிலேயே இருந்தான். வதனி தலைக்குத் துவாயைப் போட்டுக்கொண்டு, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தவள்போல் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் மாற்று உடுப்பும் கொண்டுவந்திருந்தாள். நிருஷா கையில் போன்.

"தோணி எங்க போகுது?" என்று கேட்டான் உதயரூபன்.

"நடுவுக்குத்தான்" என்றான் இராசதுரை. "ரெண்டாள் ஆழம். நீ புத்தகம் வச்சு அதுக்கு மேல நிண்டா நிலைக்கும்."

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேனுகா சிரிக்கவில்லை. வதனியின் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில், "அக்கா, இண்டைக்கு அவர் கஷ்டப்பட்டாலும் ஒண்டும் சொல்லாதீங்க. சுனாமியில பட்ட ஆளுக்கு இந்த இடத்தில இறங்கிறது லேசில்ல" என்றாள்.

வதனி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். பதினாறு வருடம் அவனோடு வாழ்ந்தவள். அவன் மௌனத்தில் எவ்வளவு நேரம் இருக்கமுடியும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

உதயரூபனுக்கு அந்தக் கணம் மிக நீளமாக இருந்தது. வதனி காட்டிக்கொடுக்கமாட்டாள். நிருஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேனுகா தன்பாட்டில் வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துக்கொண்டு வருவாள். இன்னும் ஒரு கொஞ்சம் பேசாமல் நின்றால் போதும், எல்லாம் பழையபடி போகும். நீந்தத் தெரியாததற்கு அவனிடம் இருந்தது அந்த ஒரு கௌரவமான உடுப்பு. அதைக் கழற்றினால் கீழே கோவணம்கூட இல்லை.

"தங்கச்சி" என்றான். "நான் அண்டைக்கு ஊரிலயே இல்ல."

மேனுகா பார்த்தாள்.

"பதுளையில ஒரு சிநேகிதன்ட வீட்ட நிண்டனான். பத்து மணிமட்டும் படுத்துக் கிடந்தன். என்ட வீட்டில அம்மா அப்பா ஆத்துப் பக்கமா ஓடித் தப்பிற்றாங்க. எனக்குப் போனது மூண்டு பெட்டி புத்தகம். வேறொண்டுமில்ல."

"பிறகு ஏன் நீந்தத் தெரியாது?"

"பத்து வயசில இந்த இடத்திலதான் எல்லாரும் பழகினாங்க. நானும் இறங்கினன். தண்ணி குடிச்சு இருமினன். கரையில நிண்டவங்க சிரிச்சாங்க. வீட்ட ஒரு புத்தகம் கிடக்கு, வாசிக்கோணும் எண்டு சொல்லிற்று ஏறிப் போயிற்றன். அடுத்த கிழமை வந்து பாத்தா மத்த எல்லாருக்கும் நீந்தத் தெரியும். நான் ஒராள் மட்டும் தெரியாம எப்பிடி இறங்கிற? பிறகு வரவரக் கூச்சம் கூடிற்று."

சொல்லி முடித்தபோது இதற்கா இத்தனை வருடம் என்று அவனுக்கே இருந்தது. உள்ளே ஏதோ பெரிய இருட்டறை இருப்பதாக அவனும் நம்பித்தான் இருந்தான். திறந்து பார்த்தால் உள்ளே பத்து வயதுப் பையன் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான்.

இராசதுரை தோணி வலிக்கும் சவளைத் தண்ணீரில் வைத்தபடி வேறு பக்கம் பார்த்தான். மேனுகா கொஞ்ச நேரம் தன் காலடியைப் பார்த்தாள்.

"அண்டைக்கு எங்கட அக்காவுக்கு எட்டு வயசு" என்றாள். "எனக்கு ஆறு. நான் நீந்தப் பழகினது சம்பளத்துக்கில்ல."

ஒருவரும் பேசவில்லை. அவன் வாழ்நாளில் இருந்த மௌனங்களில் அவனுக்குப் பிடிக்காத மௌனம் அது ஒன்றுதான்.

"என்னை மன்னிச்சுக்கொள் தங்கச்சி."

"அத விடுங்க. ரெண்டு மாசமா உங்கள நிலைக்கிற தண்ணியில வச்சுத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறன். நானும் ஒரு விசரி." அவள் தலைமயிரை இறுக்கிக் கட்டினாள். "தோணியில ஏறுங்க."

நடு ஆற்றில் அவள் அவனைக் குதிக்கச் சொன்னாள். அவன் தண்ணீரைப் பார்த்தான். 'இன்னும்' என்ற சொல் ஞாபகம் வந்தது. அவள் தோணியைச் சரித்துவிட்டாள்.

உள்ளே போனதும் வலது பெருவிரல் வழமைபோல் வேலைக்குப் போயிற்று. தரையைத் தேடியது. தரை இல்லை. இன்னும் கீழே நீண்டு தேடியது. அந்த விரலின் பின்னாலேயே முழு உதயரூபனும் போனான். மேலே வந்தபோது அவன் வாய்க்குள் மட்டக்களப்பு வாவியின் ஒரு பகுதி இருந்தது. மேனுகா பக்கத்தில் நீந்திக்கொண்டு நின்றாள். கையைக் கொடுக்கவில்லை. காற்றடித்த ரயர் ரியூப் ஒன்றைத் தள்ளிவிட்டாள்.

"தரையத் தேடாதீங்க. அது அங்க இல்ல. கையப் பாருங்க. கை தண்ணிக்க போற இடத்த மட்டும் பாருங்க."

"பாத்தன்."

"பாக்கல்ல. திரும்ப."

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுநாளும் ஆறுதான். மேனுகாவின் குரல் அவனுக்காகத் தாழ்வது நின்றுபோயிற்று. வெள்ளைக்காரருக்கு ஊதும் விசிலை அவனுக்கும் ஊதினாள். அவனுடைய குறை காலில் மட்டும் இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பான். ஒரு நீர்க்காகம் தலைக்கு மேலால் போகும். இது சின்ன நீர்க்காகமா, இந்திய நீர்க்காகமா என்று யோசிக்கத் தொடங்குவான். முடிவுக்கு வரும்போது தண்ணீருக்குக் கீழே இருப்பான்.

"அண்ணன், அதுகள் உங்களப் பாக்க வரல்ல. மீனப் பாக்க வருகுதுகள். கை!"

ஊர் கரையில் நின்று பார்த்தது. பத்து வயதில் சிரித்தவர்களின் பிள்ளைகள் இப்போது சிரித்தார்கள். இராசதுரை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது வைத்திருப்பான். "உதயன் ஆத்துத் தண்ணியக் குடிச்சு முடிச்சிற்றா நாங்க நடந்தே அக்கரைக்கு, படுவான்கரைக்குப் போயிரலாம்" என்றான் ஒருநாள். உதயரூபனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இன்னும் இரண்டு வாய் உள்ளே போயிற்று. சிரிப்புக்கு நடுவில் ஒரு மனிதன் இருமிக்கொண்டு உயிரோடு இருக்கலாம் என்பதை அவன் கண்டுபிடித்தது அப்போதுதான். முப்பத்திரண்டு வருடம் பிந்திய கண்டுபிடிப்பு.

புரட்டாதியில் மனேஜரும் இன்சூரன்ஸ்காரரும் வந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் சப்பாத்தோடு சேற்றுக்குள் இறங்கிவிட்டு, அந்தக் கோபத்தோடு நின்றார். அளந்த தூரத்தில் தோணி. கரையில் மேனுகா, வதனி, நிருஷா. லீவு போட்டு வந்த றம்ஸீன். மிச்ச ஊர்.

உதயரூபன் குதித்தான். கையைப் பார்த்தான். போனான். பாதிக்கு மேல் வந்ததும் கரை தெரிகிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அதுதான் பிழை. கரையில் நின்ற முகங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. மூச்சுத் தப்பியது. பக்கத்தில் வலை கட்டும் கம்பு ஒன்று நின்றது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். கம்பில் இருந்த மீன்கொத்தி எழும்பிப் பறந்தது.

கரையில் ஒரு பெரிய சிரிப்பு. இராசதுரை தோணியோடு வந்து அவனை ஏற்றினான். இன்சூரன்ஸ்காரர் பேனையை மூடினார். மனேஜர் கனிவாகத்தான் சொன்னார்.

"பரவாயில்ல உதயன். உங்கட மேசை அங்க இருக்குதானே."

மேசை இருந்தது. அதன் இழுப்பறையில் பாதி வாசித்த புத்தகம் ஒன்றும் இருந்தது. பஸ்ஸில் ஏறி, இன்னொரு பஸ் மாறி அதனிடம் போய்விடலாம். உதயரூபன் தண்ணீர் ஒழுக நின்றான். வதனி துவாயை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"சேர், இன்னொருக்கா நீந்திறன்."

"இப்பவா?"

"இப்பதான்."

மனேஜர் இன்சூரன்ஸ்காரரைப் பார்த்தார். அவர் சப்பாத்தைப் பார்த்தார். வதனி போய் இரண்டு பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரைக்கும் நேரம் கிடைத்தது.

இரண்டாம் தடவை அவன் ஏற்கெனவே களைத்திருந்தான். கை புத்தகத்தில் உள்ளதுபோல் சுழலவில்லை. தண்ணீரை அடித்தது, கிழித்தது, சில நேரம் கெஞ்சியது. பாதியில் மல்லாக்கக் கிறுகிக் கிடந்து மூச்சு வாங்கினான். "செத்துட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள். திரும்பக் கவிழ்ந்தான். கம்பு இருந்த பக்கம் பார்க்கவில்லை. எவரையும் பார்க்கவில்லை. கை போகும் இடம், கை போகும் இடம், அவ்வளவுதான். கடைசியில் நெற்றி சேற்றில் முட்டியது. முழங்காலளவு தண்ணீரில் அவன் இன்னும் கைபோட்டுக்கொண்டிருந்தான். நிருஷா இறங்கிவந்து தோளில் தட்டினாள்.

"அப்பா, போதும். எழும்புங்க. கரை."

இன்சூரன்ஸ்காரர் முகத்தைச் சுளித்தார். "இதுக்குப் பேர் நீச்சலா?"

"கரைக்கு வந்துட்டார்தானே சேர்" என்றாள் மேனுகா. "தாழ்றவங்க வாறல்ல."

றம்ஸீன் மனேஜரின் பக்கம் குனிந்து, ஆளுக்கு மட்டும் கேட்பதுபோல் ஊருக்கே கேட்கச் சொன்னான். "வடிவு இரிக்கோணும் எண்டு பேப்பர்ல எழுதி இரிக்கா சேர்?"

எழுதியிருக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் பேனையைத் திறந்தார்.

உதயரூபன் இப்போது செட்டிபாளையத்துப் படகுத்துறையில் வேலைசெய்கிறான். நல்ல நீச்சல்காரன் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் ஆற்றில் இறங்கிப் பழகுகிறான், ஊர் இன்னும் சிரிக்கிறது. மேனுகா மாலைதீவில் ஒரு ஹோட்டலில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறாள். மார்கழி இருபத்தாறாம் திகதி அவளுக்கு லீவு இல்லை. றம்ஸீன் ஓட்டமாவடியில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான். உதயரூபனைப் பற்றித் தான் பரப்பிய கதையைத் தானே ஹோட்டலில் திருத்தினான். கதை முழுக்கத் திருந்தவில்லை, சிலர் பழையதைத்தான் நம்புகிறார்கள். இராசதுரை படகுச் சுற்றுலாவில் தோணி ஓட்டுகிறான். மனேஜர் நீர்கொழும்புக்கு மாறிப்போய்விட்டார். நிருஷா உயர்தரம் படிக்கிறாள். வதனி பூப்போட்ட கோப்பையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். உதயரூபனுக்குத் தேத்தண்ணி கைக்கு அகப்பட்ட கோப்பையில் வருகிறது. சில நாட்களில் தானே ஊற்றிக் குடிக்கச் சொல்கிறார்கள்.